பரிக்குப் பாடம் சொன்னவர்

குதிரைப் பந்தயம் என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தே நம் வீட்டுப் பெரியோர் முகஞ் சுளிப்பர். அதிற் பிழை இல்லை. சித்திரை மாதத்தில் நுவரெலியாவுக்குக் குளிர் காணச் சென்று, பந்தயத் திடலிலே கைப்பணத்தைத் தொலைத்து, திரும்பிவரப் பஸ் கட்டணத்துக்கு அயலவரிடம் கை நீட்டியவர் கதைகள் நம் ஊர்களிலும் உண்டு. சூதினால் நாடிழந்த நளனையும் தருமனையும் வகுப்பறையிற் படிப்பிக்கும் நாம், இவ்வாரம் பந்தயக் குதிரைகளைப் பழக்கிய ஒருவரைப் பற்றி எழுதப் புகுந்தமை வாசகர்க்கு வியப்பளிக்கலாம். பணங் கட்டுவோரைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பந்தய நாளுக்குப் பல மாதங்கள் முன்னே, விடியற்காலையில், பனி விலகாத புல்வெளியில் நிகழும் ஒரு கல்வியைப் பற்றியே சொல்லப் போகின்றோம். அக்கல்வியை நாற்பத்து நான்கு ஆண்டுகள் புகட்டியவர் ஹென்றி செசில் என்னும் ஆங்கிலேயர்.

இலண்டன் மாநகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 65 மைல் தொலைவில் நியூமார்க்கற் என்றோர் ஊர் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் இரண்டாம் சார்ள்ஸ் மன்னன் தானே குதிரையேறிப் பந்தயம் ஓடிய இடம் அது. இன்றும் அவ்வூரின் உயிர்நாடி குதிரைதான். காலை புலருமுன்னரே லாயங்களின் கதவுகள் திறக்கும். வரிசை வரிசையாகக் குதிரைகள் தெருவைக் கடந்து மேட்டுப் புல்வெளிகளுக்குச் செல்லும். அங்கே பயிற்றுநர் நின்று ஒவ்வொன்றின் நடையையும், மூச்சையும், செவியசைவையும் நோக்குவார். மாலையில் லாயத்துக்குள் சென்று, ஒவ்வொன்றின் காலையும் தடவிச் சூடும் வீக்கமும் உண்டோ என்று பார்ப்பார். தீனித் தொட்டியில் ஓட்ஸ் மிஞ்சியிருந்தால், அது ஏன் மிஞ்சியது என்று வினவுவார். வாய் பேசாத மாணாக்கரை வைத்துக்கொண்டு நடத்தும் பள்ளிக்கூடம் அது.

அப்பள்ளிக்கூடத்தில் ஓயாத ஓர் இக்கட்டு உண்டு. வட பூகோளத்துப் பந்தயக் குதிரைகள் யாவற்றுக்கும் ஜனவரி முதலாந் திகதியன்றே ஒரு வயது கூடியதாகக் கணக்கு. இங்கிலாந்தின் தலைசிறந்த ஐந்து பந்தயங்களைக் ‘கிளாசிக்’ என்பர். டார்பியும் ஓக்ஸும் அவற்றுட் பெயர் பெற்றவை. அவை ஐந்தும் மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமே உரியன. ஆதலால் ஒரு குதிரையின் வாழ்நாளில் டார்பி ஒரே ஒரு முறைதான் வரும். இரண்டு வயதிலோ அதன் எலும்புகள் முற்றியிரா. உடையவரோ பெரும் பணத்தை முதலிட்டுவிட்டுப் பலனை எதிர்பார்த்து நிற்பார். அவசரப்படுத்தினால் கால் முறியும், அல்லது மனம் முறியும். தாமதித்தால் வாய்ப்பே கழிந்துவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே வழி காண்பதுதான் பயிற்றுநரின் வித்தை. பரீட்சைக்கு மாணாக்கரை அனுப்பும் ஆசிரியர்க்கும் இந்த இக்கட்டு நன்கு விளங்கும்.

ஹென்றி செசில் 1943ஆம் ஆண்டு ஜனவரி 11ஆந் திகதி, இரட்டையருள் ஒருவராகப் பிறந்தார். தந்தை படைவீரர். அவர் சில வாரங்களுக்கு முன்னரே வட ஆபிரிக்கப் போர்முனையில் மாண்டுவிட்டார். மகன் தந்தை முகத்தைக் கண்டதில்லை. விதவையான தாயார் பின்னர் மணந்துகொண்டவர், ஆங்கிலேய அரச குடும்பத்தின் குதிரைகளைப் பயிற்றிய செசில் போயிட்-றொச்போட் என்பவர். இவ்வாறு சிறுவர் இருவரும் லாயத்தின் மணத்திலே வளர்ந்தனர்.

படிப்பில் ஹென்றி பிரகாசிக்கவில்லை. ஈற்றன் கல்லூரியின் நுழைவுத் தேர்விலே தவறி, கான்போட் என்னும் வேறொரு பள்ளிக்குச் சென்றார். 1964இல் மாற்றாந் தந்தையிடம் உதவியாளராய்ச் சேர்ந்து, 1969இல் அவரது இடத்திற் பயிற்றுநரானார். முதற் பருவம் தோல்வியோடு தொடங்கிற்று. அண்டை லாயங்கள் வென்றுகொண்டிருக்க, இவருடைய முதல் வெற்றி மே மாத நடுப்பகுதியிலேதான் வந்தது. ஆயினும் அதே ஆண்டு யூலையில், வொல்வர் ஹொலோ என்ற குதிரையைக் கொண்டு எக்லிப்ஸ் பந்தயத்தை வென்றார். பெரிய பந்தயங்களுள் ஒன்று அது. மாமனார் நோயல் மேர்லெஸ் தாமும் பேர்பெற்ற பயிற்றுநர். அவர் ஓய்வுபெற்றபோது வாரன் பிளேஸ் என்னும் அவருடைய லாயமும் மருமகனிடம் வந்தது.

அதன்பின் வந்த இருபதாண்டுகளைச் சுருக்கிச் சொல்லலாம். வெற்றிகளை அடுக்கினால் அது கணக்கேடாகிவிடும். பிரித்தானியாவின் முதன்மைப் பயிற்றுநர் என்ற பட்டம் 1976 தொடக்கம் 1993 வரையில் பத்து முறை இவருக்குக் கிடைத்தது. 1987இல் ஒரே பருவத்தில் 180 பந்தயங்களை வென்று, 1867ஆம் ஆண்டு தொட்டு நிலைத்திருந்த 146 என்ற சாதனையைக் கடந்தார். டார்பியை நான்கு முறை வென்றார். வாழ்நாள் முழுவதிலும் வென்ற பிரித்தானியக் கிளாசிக் பந்தயங்கள் 25. முதற்றரப் பந்தயம் ஒன்றை வென்றால், வாரன் பிளேஸ் இல்லத்தின் உச்சியிலே தம் குடும்பக் கொடியை ஏற்றுவது அவர் வழக்கம். ஊரார் கொடியைப் பார்த்தே செய்தி அறிவர். ஓய்வு நேரத்தில் அவர் உரோசாத் தோட்டத்திற் காணப்படுவார். தலையைச் சற்றே ஒரு புறம் சாய்த்துப் பேசும் அம்மனிதரை மக்களுக்குப் பிடித்திருந்தது.

பின்னர் சரிவு வந்தது. நம்மவர் இதனை ஏழரையாண்டுச் சனி என்பர். 1995இல், துபாய் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் முகம்மது, லாயத்தில் இருந்த தம் குதிரைகள் அனைத்தையும் மீட்டுக்கொண்டார். அவர் போனதும் வேறு சிலரும் விலகினர். மணவாழ்க்கையில் முறிவு நேர்ந்தது. 2000ஆம் ஆண்டில், உடன்பிறந்த இரட்டையரான டேவிட் புற்றுநோயால் இறந்தார். இருநூறுக்கு அண்மிய குதிரைகள் நின்ற இடத்தில் ஐம்பது அளவிலே நின்றன. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 180 வெற்றி கண்டவர், 2005இல் கண்டவை பன்னிரண்டு மாத்திரமே. கொடி மடித்து வைக்கப்பட்டு ஆண்டுகள் பல கழிந்தன. 2006இல் அவருக்கும் புற்றுநோய் என்று மருத்துவர் கூறினர்.

நளன் கதையை அறிந்த மாணாக்கர் இவ்விடத்திலே ஒன்றை நினைவு கூர்வர். குதிரைகளின் இயல்பை அறிந்தவருள் தலைசிறந்த நளன், அரசும் உருவும் இழந்து, வாகுகன் என்ற பெயரோடு இருதுபன்னனுக்குத் தேரோட்டியாய் இருந்தான். முகத்தைக் கண்டு அவனை அறிந்துகொள்ள எவராலும் முடியவில்லை. அவன் தேர் செலுத்திய திறமே அவன் யார் என்பதைக் காட்டிக் கொடுத்தது. செல்வமும் பெயரும் போனபின்னும் போகாத ஒன்று உண்டு. அதுதான் கற்ற வித்தை. செசில் அந்நாட்களிலும் காலையில் எழுந்தார். எஞ்சிய ஐம்பது குதிரைகளுக்கும் அதே கவனத்தோடு பாடஞ் சொன்னார்.

எல்லாரும் அவரைக் கைவிட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சவூதி இளவரசர் காலித் அப்துல்லா தம் குதிரைகளை அங்கேயே விட்டு வைத்தார். நியார்க்கோஸ் குடும்பத்தாரும் அவ்வாறே. 2007ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி, எப்சம் திடலில், அக்குடும்பத்தாரின் லைற் ஷிப்ற் என்ற பெண்குதிரை ஓக்ஸ் பந்தயத்தில் முதலாவதாய் வந்தது. ஏழாண்டுகளுக்குப் பின் செசில் கண்ட கிளாசிக் வெற்றி அது. பந்தயங் கட்டித் தோற்றவர்களும் அன்று எழுந்து நின்று ஆரவாரித்தனர் என்பர். மெலிந்து நின்ற அம்மனிதரின் கண்களில் நீர் தளும்பியது.

கதை இங்கே முடிந்திருந்தாலும் அது நல்ல கதையே. ஆனால் அவரது வாழ்க்கையின் தலையாய மாணாக்கன் இனிமேல்தான் வர இருந்தான்.

2009 நவம்பரில், காலித் இளவரசருக்காக அமெரிக்காவிற் குதிரை பயிற்றிய பொபி பிராங்கல் என்பவர் காலமானார். அவர் நினைவாக, தம்மிடமிருந்த இளங் குதிரைகளுள் மிகச் சிறந்ததற்குப் பிராங்கல் என்று பெயரிட்ட இளவரசர், அதனைச் செசிலிடம் ஒப்படைத்தார். அது 2008 பெப்ரவரியிற் பிறந்த ஆண்குதிரை. வேகத்துக்குக் குறைவில்லை, குறை வேறிடத்தில் இருந்தது. புல்வெளியிற் கால் வைத்ததும், கடிவாளத்தை இழுத்துக்கொண்டு, மேலிருப்பவர் கையை மீறி ஓடியது. முன்னே ஒரு குதிரையைக் கண்டால் அதனைக் கடந்தே தீரவேண்டும் என்ற வெறி. இத்தகைய குதிரை முதல் அரை மைலிலே தன் பலம் முழுவதையும் செலவழித்துவிட்டுக் கடைசியில் திணறும். ஓடத் தெரிந்த அதற்குக் காத்திருக்கத் தெரியாது.

இதற்கு இரு எளிய வழிகள் உண்டு. ஒன்று, போகிற போக்கில் விட்டுவிடுவது. வெற்றிகள் சிலகாலம் வரும், பின் குதிரை தீய்ந்துபோகும். மற்றது, கடிய கடிவாளத்தால் அடக்கி, வலிக்கப் பண்ணி, பணிய வைப்பது. குதிரை பணியும், ஆனால் அதன் ஓட்டத்திலிருந்த மகிழ்ச்சி மறைந்துபோகும். செசில் இரண்டையும் ஏற்கவில்லை. நாள்தோறும் அதே ஓட்டுநரையே அதன்மேல் ஏற்றினார். குதிரையோடு சண்டையிடாமல், அதனை மெல்ல அமைதிப்படுத்தும் கை அவருடையது. முன்னே மற்றொரு குதிரையை ஓடவிட்டு, அதன் பின்னே சில அடி தூரம் விட்டு நிதானமாய் வரப் பழக்கினார். அப்பணிக்கு அமைந்த குதிரைகளுள் ஒன்று, பிராங்கலின் தாய் வயிற்றிலேயே பிறந்த அண்ணனான புல்லற் ரெயின். தம்பிக்காகக் காலைதோறும் முன்னே ஓடிய அந்த அண்ணனையும் நாம் மறந்துவிடலாகாது.

2010 ஓகஸ்ட் 13ஆந் திகதி நியூமார்க்கற்றில் பிராங்கல் முதன்முறை ஓடி, அரைக் குதிரை நீள வித்தியாசத்தில் வென்றது. (பந்தயங்களில் இடைவெளியைக் குதிரையின் உடல் நீளத்தாலே அளப்பது மரபு.) 2011 ஏப்ரல் 30இல் கிளாசிக் பந்தயங்களுள் ஒன்றான ‘இரண்டாயிரம் கினி’. இன்னும் பாடம் முற்றவில்லை என்பதை உணர்ந்து, அன்று அதனை அடக்கிப் போராடாமல் தொடக்கத்திலிருந்தே முன்னே ஓடவிட்டனர். நடுவழியில் ஏறத்தாழ பதினைந்து நீளம் முந்தி நின்று, ஆறு நீளத்தில் வென்றது. பார்த்தோர் வாயடைத்து நின்றனர்.

அடுத்து டார்பி. அதன் தூரம் ஒன்றரை மைல். ஓடினால் வரலாறு, அந்த வாய்ப்போ மறுமுறை வராது. செசில் மறுத்துவிட்டார். நிதானம் பழகாத குதிரையை அவ்வளவு தூரம் ஓடவிடுவது அதற்குக் கேடு என்பது அவர் முடிவு. நோயுற்ற ஒருவர், தமக்கு இன்னும் எத்தனை பருவங்கள் எஞ்சியுள்ளன என்று அறியாதவர், டார்பியை வேண்டாம் என்று விட்டாரென்றால், அப்பொறுமையின் அருமையை எண்ணிப் பாருங்கள். உடையவரும் பயிற்றுநரின் சொல்லைத் தட்டவில்லை.

அந்த யூனில் அஸ்கொற் திடலில் ஓடியபோது, பிராங்கல் முந்திவிரைந்து, கடைசியிற் களைத்து, முக்கால் நீளத்தாலேயே தப்பி வென்றது. பாடம் மறுபடியும் தொடர்ந்தது. மறு ஆண்டு அது வேறொரு குதிரையாய் வந்தது. 2012 யூனில் அதே அஸ்கொற்றில், பிறர் பின்னே சலனமின்றி ஓடிவந்து, கேட்ட கணத்திலே விரைந்து, பதினொரு நீளத்தில் வென்றது. அதுவரை ஓடிய பதினொரு பந்தயங்களும், அடுத்து ஓடிய பன்னிரண்டாவதும், ஒரு மைலுக்கு மேற்படாதவை. அதன் பின்னரே பயிற்றுநர் அதனை நெடுந்தூரத்துக்கு அனுப்பினார்.

2012 ஓகஸ்ட் 22ஆந் திகதி யோர்க் நகரில் அப்பந்தயம் நடந்தது. சிகிச்சையின் கடுமையால் செசில் எலும்புந் தோலுமாய் இருந்தார். குரல் நலிந்து, முணுமுணுப்பாய் ஒடுங்கியிருந்தது. ஆயினும் நேரில் வந்தார். ஒன்பது குதிரைகள் ஓடின. ரொம் குவீலி என்னும் ஜொக்கி கையசைக்காமல் அமர்ந்திருக்க, பிராங்கல் எல்லாவற்றுக்கும் பின்னே காத்திருந்தது. நேர்வழி வந்ததும் தானாக முன்னேறி ஏழு நீளத்தில் வென்றது. திரண்டிருந்த மக்கள் குதிரைக்கு எழுப்பிய ஆரவாரம் பெரிது. பயிற்றுநருக்கு எழுப்பியது அதனினும் பெரிது. அவ்வாண்டு ஒக்டோபர் 20இல் கடைசிப் பந்தயம். நிலம் ஈரமாய் இளகியிருந்தது. புறப்படும்போதே பிராங்கல் பின்தங்கிவிட்டது. பழைய பிராங்கலாயின் பதறி ஓடியிருக்கும். அன்று பதறவில்லை, தன் நேரம் வரும்வரை இருந்து வென்றது. பதினான்கு பந்தயங்கள், பதினான்கு வெற்றிகள்.

இக்கதையைப் படித்தபோது நமக்கு ஒரு பழைய குற்றம் நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் கணிதத்தில் அதிவேகமான ஒரு மாணவன் இருந்தான். கரும்பலகையில் வினாவை எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவான். மற்றவர் சிந்திக்க இடமிராது. அவனும் இடைப்படிகளை எழுதமாட்டான். பலமுறை பொறுத்து, ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் கடிந்து, “இனி நான் கேட்டாலொழிய வாய் திறவாதே” என்றோம். அவன் வாய் திறக்கவில்லை. அவ்வாண்டு முழுவதும் திறக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் விடை சொல்லி, கொடுத்ததை மட்டும் செய்து, ஒழுங்கான பையன் என்ற பெயரோடு சென்றான். நாமும் அதனை நம் வெற்றி என்றே அன்று எண்ணியிருந்தோம். அவனிடம் இருந்த ஏதோ ஒன்று அணைந்துவிட்டதை நெடுங்காலத்தின் பின்னரே உணர்ந்தோம். அவனுக்கு முன்னே ஒரு கடினமான கணக்கை ஓடவிட்டு, அதன் பின்னே நிதானமாய் வரும்படி நாம் பழக்கியிருக்கலாம். அது நமக்கு அன்று தோன்றவில்லை. கடிவாளம் கைக்கு எளிதாய் இருந்தது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பன்னிரண்டே வெற்றிகள் கண்ட ஆண்டிலும் தம் குதிரைகளை விலக்காதவரிடந்தான் பிராங்கல் பிறந்தது. சென்ற ஆண்டுப் பெறுபேற்றைப் பார்த்து ஆசிரியரை மாற்றுவதும், ஒரு தவணைப் புள்ளியைப் பார்த்துப் பிள்ளையை வெறுப்பதும் நம்மிடையே மலிந்துவிட்டன. வித்தை உள்ளவருக்கும் சனி பிடிக்கும் காலம் உண்டு. அக்காலத்திலே அருகில் நிற்பவர் சிலரே.

2011இல் ‘சேர்’ பட்டம் பெற்ற ஹென்றி செசில், 2013ஆம் ஆண்டு யூன் 11ஆந் திகதி தமது எழுபதாவது வயதிற் காலமானார். மறுவாரமே அஸ்கொற்றில் அரச பந்தயங்கள். லாயத்தின் பொறுப்பை ஏற்ற அவர் மனைவியார் ஜேன், கணவர் பயிற்றி வைத்த றிப்போஸ்ற் என்ற பெண்குதிரையை அங்கு அனுப்பினார். காலித் இளவரசருடைய குதிரை அது. ஏறியவரும் அதே ரொம் குவீலி. அது வென்றது. பிராங்கல் பின்னர் தந்தைக் குதிரையாகிப் புகழ் பெற்றது; அதன் மகனான அடையார் 2021இல் டார்பியை வென்றது. தந்தை ஓடாது விட்ட பந்தயத்தை மகன் ஓடி முடித்தான்.

இதனைப் படிக்கும் மாணவச் செல்வங்களே, உங்களுள் வேகமுள்ளவர் பலர் உண்டு என்பதை நாம் அறிவோம். வேகம் இறைவன் தந்தது. நிதானம் நாள்தோறும் கற்றுக்கொள்ள வேண்டியது. அதனைக் கற்பிக்க வேண்டியவர்கள் நாங்கள். உங்கள் வேகத்தைக் கெடுக்காமல் அதனைக் கற்பிக்கும் வழியை நாங்கள் இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கின்றோம்.